மாப்பிள்ளைக்கு இடது கைப்பக்கம் நின்றவர்

ராமநாதபுரத்து அச்சகம் ஒன்றில் நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த காலம். முதலாளி வெளியே போயிருந்தால் ஆர்டர் வாங்குவதும் நான்தான். அப்படி ஒரு நாள், காலை ரயிலில் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். முப்பது வயசு இருக்கும். கணவர் காய்ச்சலில் இறந்து வருஷம் ஆகப்போகிறது, வருகிற ஞாயிறு இல்லாமல் அதற்கடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை, வருகிறவர்களுக்குக் கொடுக்கப் படம் போட்ட நினைவு அட்டை வேண்டும் என்றார்.

"அவரு எடுத்துக்கிட்டதே இந்த ஒரு போட்டோதான் தம்பி" என்று துணியில் சுற்றியிருந்ததை மேஜைமேல் வைத்தார்.

நாத்தனார் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. பொண்ணு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பின்னால் மாப்பிள்ளை. அவருக்கு இரண்டு பக்கமும் ஒரே ஜாடையில் இரண்டு ஆண்கள்.

"இதுல யாரும்மா?"

"மாப்பிள்ளைக்கு எடது கைப்பக்கம் நிக்கிறவரு."

போட்டோவைப் பார்க்காமலேதான் சொன்னார். முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. விரல் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. 'இடது பக்கம் நிற்பவர், முகம் மட்டும் பெரிதாக' என்று பென்சிலால் பின்புறம் எழுதி மதுரைக்கு அனுப்பினேன். படத்துக்கு பிளாக் செய்ய எங்கள் ஊரில் அப்போது ஆள் கிடையாது.

பிளாக் வந்தது. மரக்கட்டைமேல் அறைந்த துத்தநாகத் தகடு. அதில் எல்லாம் வலது இடதாக மாறித்தான் இருக்கும். மை போட்டு ஒரு புரூப் எடுத்தால்தான் முகம் முகமாகத் தெரியும். எடுத்துப் பார்த்தேன். தெளிவாக விழுந்திருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

புரூப் பார்க்க அந்த அம்மாள் கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கொழுந்தன் உள்ளே நுழைந்ததுமே என் கண் மேஜைக்குப் போயிற்று. அங்கே கிடந்த அட்டையில், சிலுவைக்குக் கீழே, இருந்தது அவர் முகம்.

நான் எடுத்து மறைப்பதற்குள் அவர் குனிந்து பார்த்துவிட்டார். பிறகு, "மதினி, எனக்கே பூசை வச்சிட்டாக பாருங்க" என்றார்.

அந்த அம்மாள் அட்டையை வாங்கிப் பார்த்தார். அழப்போகிறார் என்று பயந்தேன். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்கு நேரமாயிற்று. கொழுந்தனும் சிரித்தார். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"தப்பு என்னுதுதாம்மா. மாப்பிள்ளைக்கு இடதுன்னா பாக்குற நமக்கு வலதுன்னு நான் யோசிக்கல."

"நானும் கையை வச்சுக் காட்டியிருக்கணும் தம்பி. அன்னைக்கு அந்தப் படத்தப் பாக்க ஏலல" என்றார்.

சாயங்காலம் முதலாளியிடம் சொன்னேன். "நீயே மதுரைக்குப் போ. கையோட வாங்கிட்டு வா" என்றார். போட்டோமேல் டிரேசிங் பேப்பர் ஒட்டி, வேண்டிய முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு நாள் பிளாக் செய்பவர் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து வாங்கி வந்தேன்.

பூசைக்கு முந்தின நாள் அட்டைகளை வாங்க அந்த அம்மாள் தனியாகத்தான் வந்தார். மேலே இருந்த ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுபோனார்.

"என்ன தம்பி, வெறும் புள்ளியா இருக்கு?"

"படம் அச்சாகணும்னா புள்ளியாத்தாம்மா பிரிக்கணும். கொஞ்சம் தள்ளிப் புடிச்சுப் பாருங்க."

கையை நீட்டிப் பிடித்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார். அச்சடிக்கிற டிரெடில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"இவருதான்" என்றார்.

நான் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு அட்டையை மட்டும் அதோடு சேர்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.