அத்தைக்கு அளவு பார்த்த நாள்

அத்தைக்கு ஒரு பக்க மார்பை அறுவை சிகிச்சையில் எடுத்திருந்தார்கள். புண் ஆறிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் மசியவில்லை. அப்பாவின் தங்கையான அவள் எங்களோடுதான் இருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். லீவு முடிந்தால் நானும் அந்த வகுப்புதான்.

அம்மா களத்தில் இறங்கினாள். பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்கா பஞ்சம்? சொந்தக் காட்டில் விளைந்ததைக் கொட்டை நீக்கி, ஒரு துணிப்பையில் அடைத்து, அத்தையின் பழைய பாடிக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். கண்ணாடி முன்னால் பிரமாதமாகத்தான் இருந்தது. கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கியதும், பஞ்சுக்கு எடை ஏது, கிளம்பிப்போய்க் கழுத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. நான் சிரித்ததற்கு அம்மா ஒரு குட்டு வைத்தாள். அத்தையும் சிரித்தாள், ஆனால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"போர்டுல எழுதக் கையத் தூக்குனா அத்தன புள்ளைங்களும் இதத்தான பாக்கும். நான் வேலைய விட்டுடறேன் அண்ணி."

டீச்சராக இல்லாத அத்தையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழுகை வந்தது.

இதற்கென்றே திருச்சியில் ஒரு கடை இருப்பதாக நர்ஸ் சொல்லியிருந்தாராம். மூவரும் பஸ் ஏறினோம். கடையிலிருந்த அக்கா, உள்ளே பை வைத்துத் தைத்த பாடிகளையும் அதற்குள் வைக்கிற சிலிக்கான் மார்புகளையும் மேஜையில் பரப்பினார். தொட்டால் கொழுக்கட்டை மாவுபோல மெத்தென்றும், தூக்கினால் நல்ல கனமாகவும் இருந்தன. இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தால்தான் தோள் சாயாது என்று விளக்கினார். எனக்கு யூனிஃபார்மை எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்துப் பழகிய அம்மா அங்கேயும் பழக்கத்தை விடவில்லை. எடுப்பதுதான் எடுக்கிறோம், கொஞ்சம் பெரிதாகவே எடுப்போமே என்றாள்.

"நான் என்ன அண்ணி, வளரவா போறேன்?" என்றாள் அத்தை.

கடைக்கார அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒன்று தொளதொளத்தது. இன்னொன்றின் பட்டை தழும்பை அழுத்தியது. ஒவ்வொன்றையும் போட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் போர்டாக நினைத்து வெறும் விரலால் எழுதினாள். வகுப்பு மொத்தமும் நான்தான். ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள்.

"மூஞ்சியப் பாக்காத. இங்க பாரு. ஏறுதா?"

"ஏறல அத்தை" என்று நான் சொன்னது கடைசியாகப் போட்டதற்குத்தான். சந்தேகம் தீராமல் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டு அதையே எடுத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று, அத்தை சாக்பீஸை எடுத்துக் குதிகாலை உயர்த்தி, போர்டின் உச்சியில் தேதியை எழுதினாள். எழுதிவிட்டு மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் குனிந்து நோட்டில் தேதியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை தேதியை அழித்துவிட்டு, கையை நன்றாக வீசி, அதே தேதியை முன்னைவிடப் பெரிதாக எழுதினாள்.

சரியான தேதியை எதற்கு அழிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. டீச்சர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் என் நோட்டில் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.