மலைக்குப் பின்னால் நாற்பது குதிரைகள்

எங்கள் கூட்டத்தில் அவருக்குப் பெயர் ‘சட்டம்’. பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று உண்டு, அது ரேஷன் கார்டோடு சரி. கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாக லென்ஸ் தேய்க்கிறார். எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டார், மூக்குக்கண்ணாடியைத்தான் பார்ப்பார். “இடது பக்கம் அரை மில்லி இறங்கியிருக்கு” என்பார். அந்த அரை மில்லிக்காக ஒரு மனிதரை மூன்று தடவை கடைக்கு நடக்கவைத்த புண்ணியவான்.

அந்தக் குணத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் என் சலவைக்கடை மாடிக்கும் கொண்டுவருவார். அங்கேதான் நாங்கள் பதினோரு பேர் பொம்மைப் போர் விளையாடுகிறோம். ஆமாம், மீசை நரைத்தவர்கள்தான். நீள மேசை, தெர்மாகோல் மலைகள், விரல் உயரப் படைவீரர்கள், அளக்க ஒரு டேப், உருட்டப் பகடை. எந்தப் படை எவ்வளவு நகரலாம், யாரை அடிக்கலாம் என்று சொல்ல ஒரு விதிப்புத்தகம். சட்டத்துக்கு அது மனப்பாடம். நாங்கள் வாயைத் திறந்தாலே, “புத்தகத்துல இருக்கா?” என்பார். இருக்காது. பத்து வருடமாக நான் தோற்றதெல்லாம் பாதி பகடையால், பாதி இந்தக் கேள்வியால்.

அவர் படை நாற்பது குதிரைகள். பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொன்றின் கண்ணிலும் வெள்ளைப் புள்ளி வைத்து, நான்கு வருடம் வண்ணம் தீட்டினார். நாற்பதையும் மலைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, சமயம் பார்த்து ஒரே நகர்வில் வளைந்து வந்து அடிப்பார். பழைய புத்தகத்தில் அதற்குத் தடையில்லை. அப்படியே ஐந்து வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கினார். ஆறாவது முறையும் ஜெயித்தால் கோப்பை அவருக்கே சொந்தம். வீட்டில் மனைவியின் தையல் மெஷினை நகர்த்தி அதற்கு இடமும் பண்ணிவிட்டார்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விதிப்புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ‘தன் கண்ணுக்குத் தெரியாததைத் தாக்க எந்தப் படைக்கும் உரிமை இல்லை.’ மலைக்குப் பின்னாலிருந்து கிளம்புகிற குதிரைக்கு மலைதானே தெரியும்?

“விளையாட்டையே கொன்னுட்டானுங்க!” என்று சட்டம் குதித்தார். “எங்களை ஒரு வார்த்தை கேட்டானுங்களா? எவன் எழுதின விதி இது? மூளை இருக்கிறவன் எழுதுவானா?” கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பினார். நான் இஸ்திரி போடும்போது வந்து வாங்கியதில் ஒரு சட்டையின் காலர் கருகியது. பழைய புத்தகமே செல்லும் என்று முடிவுசெய்ய, போட்டிக்கு முந்தைய ஞாயிறு ஓட்டெடுப்பும் வைத்தார்.

பழையதற்கு ஐந்து, புதியதற்கு ஐந்து. ஓட்டெடுப்பை நடத்துகிறவர் என்பதால் கடைசி ஓட்டு சட்டத்துடையது. அப்போதுதான் அவர் மச்சினன் புதிய புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான். பஸ் டிரைவர், வில்லாளிப் படைக்காரன்.

“மாமா, கடைசிப் பக்கம் பாத்தீங்களா?”

“அதுல என்ன விதியா இருக்கு? யாருக்காவது நன்றி சொல்லியிருப்பான்.”

“உங்களுக்குத்தான் சொல்லியிருக்கான்.”

இருந்தது. பன்னிரண்டாம் பக்க விதியை எழுதி அனுப்பிய வாசகருக்கு நன்றி என்று, ரேஷன் கார்டில் உள்ளபடி முழுப்பெயர்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று வருடம் முன்பு மச்சினனின் வில்லாளிகள் காட்டுக்குப் பின்னாலிருந்து குருட்டாம்போக்கில் எய்து இவருடைய ஆறு குதிரைகளைச் சாய்த்தார்கள். கோபத்தில் பதிப்பகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதி, எனக்கும் வாசித்துக் காட்டினார். பதிலே வராததால் அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். ‘வில்லாளிகளுக்கு’ என்று போட்டிருந்தால் பிழைத்திருப்பார். சட்டம் என்றால் பொதுவாக இருக்கவேண்டுமாம், ‘எந்தப் படைக்கும்’ என்று போட்டார். நுணலும் தன் வாயால் கெடும். இவர் பேனாவால் கெட்டார்.

மாடி அதிர்ந்தது. “சொந்தக் காசுலயே சூனியம் வச்சுக்கிட்டாரு!” என்று யாரோ கத்தினார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மச்சினனுக்கே பாவமாகிவிட்டது. “விடுங்க மாமா. பழசுக்கே கையைத் தூக்குங்க, முடிச்சிடலாம்.”

சட்டம் பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் பெயரைப் படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் ஒரு பூரிப்பு வந்து, வந்த வேகத்தில் போனது.

“புத்தகத்துல இருக்கு” என்று சொல்லி, புதியதற்குக் கையைத் தூக்கினார்.

போட்டியின் கடைசி ஆட்டம் மாமனுக்கும் மச்சினனுக்கும். ஆறு சுற்று முடிவில் மேசை நடுவிலுள்ள பாலம் யார் கையிலோ, அவருக்கே வெற்றி. குதிரைகள் வழக்கம்போல மலைக்குப் பின்னால். வெளியே வந்தால் எதிரி தெரிவான், ஆனால் அடுத்த சுற்றில்தான் அடிக்கலாம், அதற்குள் அவன் அம்பு வரும். நான்கு வருடம் கண் திறந்துவிட்ட குதிரைகளை அம்புக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆறு சுற்றும் நிறுத்தியே வைத்திருந்தார். மச்சினன் சாவகாசமாக நடந்துபோய்ப் பாலத்தைப் பிடித்தான், கோப்பையையும் பிடித்தான்.

குதிரைப் பெட்டியைத் தூக்க உதவலாம் என்று அவர் மனைவி மாடி ஏறி வந்தார்.

“என்னங்க, எத்தனை குதிரை செத்துச்சு?”

“ஒண்ணும் சாகல.”

“அப்ப ஜெயிச்சாச்சுன்னு சொல்லுங்க!”

அவர் ஒவ்வொரு குதிரையாகப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தார். பத்து வருடம் இந்த நாளுக்காகக் காத்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன்.