தேவப்பிரியம் தேர்ந்தெடுத்த நாய்

காலடிப்பேட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்துவந்த ஞானதுரையின் மனைவி தேவப்பிரியம் எதையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டாள். பால்காரன் ஊற்றும் பாலில் ஒரு சொட்டை நகத்தில் விட்டுப் பார்ப்பாள். கோயிலில் யாராவது அவள் சேலை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் அது எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடுவாள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான நாற்பத்திரண்டாம் வருஷம், சாவியை எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுச் சாத்தான்குளத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வெண்கலப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. எவனோ பட்டாளத்துக்காரன் பூட்டை உடைத்தான் என்றாள் எதிர்வீட்டுக்காரி. பூட்டு உடையாமல் இருந்தது. அதிலிருந்துதான் இவள் இப்படி ஆனாள் என்பார் ஞானதுரை. அதற்கு முன்பும் இப்படித்தான் என்பார்கள் அவருடைய தங்கைமார்.

நாற்பத்தொன்பதில் வீட்டுக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் பெருச்சாளி புகுந்துவிட்டது. ஓலைச் சிப்பங்களைக் குடைந்து கருப்பட்டியைத் தின்றது. சரக்கு இருக்கிற இடத்தில் விஷம் வைக்க முடியாது. வளர்த்த பூனையோ மீன்காரி குரலுக்கு மட்டும் எழுந்து வந்தது.

ராயபுரத்தில் கறிக்கடை வைத்திருந்த மஜீதுதான் அந்தச் செய்தியைச் சொன்னான்.

“ரயில்வே டிரைவர் வூட்டு ரோசியம்மா சீமைக்குக் கப்பல் ஏறப்போவுது. ரெண்டு டெரியர் நாய் வச்சிகீது. எலின்னா உயிரை உடும். ஒண்ணை அக்காகாரி பெரம்பூருக்கு இட்டுனு போறா. இன்னொண்ணு யாரு கேட்டாலும் சும்மாவே தர்றாங்கோ.”

எலி பிடிக்கும் என்பது தேவப்பிரியத்தின் காதில் விழவே இல்லை. சும்மா என்பது விழுந்தது.

“நல்ல நாயை எவளாவது சும்மா குடுப்பாளா? என்னமோ கெடக்கு அதுல,” என்றாள் கணவரிடம்.

“போயிப் பாரேன் ஏளா,” என்றார் அவர்.

ரோசியின் வீட்டில் பாதிச் சாமான் பெட்டிகளுக்குள் போய்விட்டது. வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுடன், நீளக் கால்களோடு நின்றது ஃபாக்ஸ் டெரியர், பெயர் பென்னி. குட்டைக் காலும் தாடியுமாகக் கன்னங்கரேலென்று இருந்தது ஸ்காட்டிஷ் டெரியர், பெயர் ரூபி. இரண்டும் பெண்.

“எது வேணுமோ நீ இட்டுனு போக்கா. மீதியை எங்கக்கா எடுத்துக்கும்,” என்றாள் ரோசி.

“வெள்ளைய மட்டும் கொஞ்சம் வெளியே கூட்டிட்டு வாங்களேன். ஒத்தையில பாக்கணும்.”

“ஐயோ, பிரிச்சா ரெண்டும் அழும்கா.”

ரோசி இதைச் சற்று அவசரமாகச் சொன்னதுபோல் தேவப்பிரியத்துக்குப் பட்டது. எழுந்து வந்துவிட்டாள். வழியில் மஜீதின் கடையில் நின்று துருவித் துருவிக் கேட்டாள். கடிக்குமா? சொறி உண்டா? வலிப்பு வந்திருக்கிறதா?

“அதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. எலும்பு குடுக்கக் கூப்டா கறுப்பு ஓடியாரும். அது பின்னாடியே வெள்ளை ஓடியாரும். அவ்ளோதான்.”

“எப்பவும் கறுப்புதான் மொதல்ல வருமோ?”

மஜீது கத்தியை நிறுத்தி யோசித்தான். “அட, ஆமாம்மா.”

இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் போனாள். ரோசி டீ போட உள்ளே போனாள். கறுப்பு அவள் காலோடு போயிற்று. வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு பாயில் தூங்கியது. சுவரோரம் பெஞ்சின்மேல் இருந்த டிரங்குப் பெட்டியைத் தேவப்பிரியம் குடைக்காம்பால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அடுக்களையிலிருந்து கறுப்பு குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. வெள்ளையின் ஒரு மயிர்கூட அசையவில்லை.

கையில் டம்ளரோடு ரோசி வாசற்படியில் நின்றாள்.

“செவிடு,” என்றாள் தேவப்பிரியம்.

“பொறந்ததிலிருந்தே அப்டித்தான்கா.”

“மொதல்லயே ஏன் சொல்லல?”

“சொன்னா யாரு எடுப்பா? எங்கக்காவே செவுட்டு நாய் வாணாம்னுட்டா. எது வேணும்னாலும்னு சொன்னா சந்தேகப்படாம வெள்ளையை எடுப்பேன்னு பாத்தேன். யாரும் எடுக்கலைன்னா ஊசி போட்டு முடிச்சிடலாம்னு வூட்டுக்காரர் சொல்லிகினுகீறாரு.” ரோசி அழுதாள். அந்த அழுகையையும் தேவப்பிரியம் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் டீயைக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் வெற்றி தெரிந்தது. “நான் சொன்னம்லா!” என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“அப்போ கறுப்பைக் கொண்டாந்திரு,” என்றார் ஞானதுரை.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். சாயங்காலம்வரை கிட்டங்கியில் கடிபட்ட சிப்பங்களைப் பிரித்து அடுக்கினாள். மறுநாள் காலையில் கயிற்றோடு ராயபுரம் போனவள் வெள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஞானதுரை திகைத்தார். “செவிட்டு நாயை வச்சி என்ன செய்யப்போற?”

“இதுக்கு என்ன கொறைன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அந்தக் கறுப்புக்கு என்ன கொறைன்னு சொல்லுங்க பாப்போம்.”

“அதுக்கு ஒரு கொறையும் இல்லியே.”

“அதான் சொல்லுதேன். இன்னும் தெரியல. தெரியாத ஒண்ணை வீட்டுக்குள்ள விட்டுட்டு நான் எப்படிக் கண்ணசருவேன்?”

ஊசி விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

வந்த மூன்றாம் நாளே பென்னி கிட்டங்கி வாசலில் ஒரு பெருச்சாளியைக் கொன்று போட்டது. மறுநாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் இன்னொன்று. தினம் ஒன்று என்றதும் தேவப்பிரியத்துக்குச் சந்தேகம் தட்டியது. குப்பைமேட்டில் எறிந்ததையே இந்த நாய் திரும்பத் தூக்கிக்கொண்டு வருகிறதோ? ஒருநாள் செத்த எலியின் வாலில் சுண்ணாம்பைத் தடவி எறிந்தாள். ஒரு வாரம் ஒவ்வொரு வாலாகக் குனிந்து பார்த்தாள். ஒன்றிலும் சுண்ணாம்பு இல்லை. ஏழாம் நாள் மத்தியானம் தன் தட்டிலிருந்த சங்கரா மீன் தலையைக் கிள்ளி அதற்குப் போட்டாள்.

அதைக் கூப்பிடுவதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். குதிகாலால் தரையில் இரண்டு மிதி மிதிப்பாள். எந்த மூலையில் இருந்தாலும் அந்த அதிர்வுக்கு எழுந்து ஓடி வரும். தெருக்காரர்கள் அந்த வீட்டுக்குச் ‘செவுட்டு நாய் வூடு’ என்று பேர் வைத்தார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை.

ரூபி பெரம்பூரில் நோய்நொடி இல்லாமல் இருப்பதாக மஜீது வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவான். “சொல்லிக்கிட வேண்டியதுதான்,” என்பாள் தேவப்பிரியம். பென்னி ஒன்பது வருஷம் இருந்து ஐம்பத்தெட்டில் செத்தது. குழி வெட்டியவன், இரண்டடி போதும், எந்தத் தெருநாயும் தோண்டாது என்றான். அவள் பக்கத்திலேயே நின்று நாலடி வெட்டவைத்து, தன் கையாலேயே மண்ணைத் தள்ளினாள்.