இறக்கத்தில் சாவி

யானை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்னு சொல்வாங்க. எங்க வேன் ஓடினாலும் தின்னும், நின்னாலும் தின்னும். என் வீட்டுக்காரர் அதுலதான் பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறாரு. பிள்ளைங்க அவருக்கு வச்ச பேரு ஆஃப் மாமா. சிக்னல்ல நின்னா எஞ்சின் ஆஃப், பிள்ளைங்க ஏறும்போது ஆஃப், தண்ணி டேங்க் தாண்டி வர்ற பெரிய இறக்கத்துல சாவியைத் திருப்பி ஆஃப். வண்டி சத்தமில்லாம கீழே உருளும். இவருக்கு டீசல் மிச்சம், பிள்ளைங்களுக்கு அது ஒரு விளையாட்டு.

கல்யாணம் ஆன புதுசுல இவரு இப்படி இல்லை. ஞாயித்துக்கிழமைன்னா டேங்கை நிரப்பிட்டு என்னைச் சும்மாவே ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போவாரு. டீசல் ஏற ஏற முதல்ல அந்தச் சுத்தல் நின்னுது. அப்புறம் பால் பாதியாச்சு. கேஸ் மிச்சமாகும், சோத்தை அரை வேக்காட்டுல இறக்கி மூடி வைன்னாரு. ஃபேனையும் நிறுத்தினப்போ எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"அடுத்து என்னையும் ஆஃப் பண்ணிடுவீங்களா?"

"உன் வாய்க்கு சுவிட்ச் எங்க இருக்குன்னுதான் இத்தனை வருஷமா தேடறேன்."

பிள்ளைங்க வீட்டுல மாசக் காசை ஏத்திக் கேளுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய் தேஞ்சதுதான் மிச்சம். "அவங்களுக்கும் அரிசி பருப்பு அதே விலைதானே"ம்பாரு.

போன மாசம் இறக்கத்துல ஒரு நாய் குறுக்கே வந்துடுச்சு. பிரேக்கை மிதிச்சா பெடல் கல்லு மாதிரி இறுகிடுச்சாம், வண்டி நிக்கலை. எஞ்சின் ஓடலைன்னா பிரேக் சரியாப் பிடிக்காதுன்னு இவருக்குத் தெரியாதா? தெரியும். இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையேங்கற மெத்தனம். ரோட்டோரம் கொட்டியிருந்த மணல்ல ஏத்தி வண்டியை நிறுத்திட்டாரு. ஒரு பிள்ளைக்கு மட்டும் உதடு கிழிஞ்சுது. சாயங்காலம் அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு நடந்ததை மறைக்காம சொன்னாரு. அந்தப் பிள்ளையோட அம்மா திட்டித் தீர்த்துட்டு அழுதாங்க. கடைசியில, "வேற வேன்ல விட எங்களுக்கு வசதி இல்லை. நாளைக்கும் வாங்க. ஆனா யாராவது பக்கத்துல உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கணும்"னாங்க.

அதுலேருந்து முன் சீட்டுல நான். இறக்கம் வந்தா இவரு கை தானா சாவிக்குப் போகும். பட்டுன்னு ஒண்ணு போடுவேன். மாமா அடி வாங்கிட்டாருன்னு பின்னாடி சிரிப்பாங்க.

நேத்து மறுபடியும் டீசல் விலையை ஏத்திட்டாங்க. பங்க்ல எழுதியிருந்ததை ரெண்டு பேரும் பார்த்தோம். இனிமே எதைக் குறைக்கறது, எங்க சுருக்கறது? எனக்கு அலுத்துப் போச்சு. யோசிச்சிட்டே வந்தேன், இறக்கம் வந்துடுச்சு. அவரோட ரெண்டு கையும் ஸ்டியரிங்லயே இருந்துச்சு. சாவிக்குப் போனது என் கை.

அவரு அடிக்கலை. என் கையை மெதுவா எடுத்து என் மடியில வச்சாரு.

"வேணாம்மா. பின்னாடி பிள்ளைங்க இருக்காங்க."