மூணுதொட்டி மேடமும் காலித் தொட்டிகளும்

என் மனைவியைக் கல்லூரியில் எல்லாரும் ‘மூணுதொட்டி மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கேயே கேன்டீன் நடத்தும் நான் ‘மூணுதொட்டி வீட்டுக்காரர்’. எனக்கென்று ஒரு பேர் இருந்தது, போயே போய்விட்டது.

சுற்றுச்சூழல் மேலாண்மைப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, அவளைத் தற்காலிக வேலையில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தாளா? மட்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மட்காததற்கு நீலம், பேட்டரி, பல்பு மாதிரி சமாச்சாரங்களுக்குச் சிவப்பு என்று வராந்தா வராந்தாவாக வைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். தப்பாகப் போட்டால் துறைத்தலைவரானாலும் திட்டு விழும். வீட்டிலும் இதே கூத்து. விருந்துக்கு வந்த என் மாமா, பயந்துபோய்க் கடலைத்தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்.

சுற்றுச்சூழல் தரச்சான்று கிடைத்தால் அவள் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் பிரிவையே மூடிவிடுவோம் என்று முதல்வர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் தணிக்கையாளர் வருகிற அன்று, விடிந்ததும் விடியாததுமாகப் போய்த் தொட்டிகளை எல்லாம் காலி செய்து, கழுவித் துடைத்து வைத்தாள். “இன்னைக்கு யாரும் ஒரு துண்டுக் காகிதம்கூடப் போடக் கூடாது” என்று கல்லூரி முழுக்கச் சொல்லியும் வைத்தாள்.

தணிக்கையாளர் ஒரு மூடியைத் திறந்தார். அடுத்ததையும் திறந்தார்.

“குப்பை எங்கம்மா?”

“இல்ல சார்,” என்றாள் பெருமையாக.

“குப்பையே இல்லன்னா, நீங்க பிரிக்கிறீங்களான்னு நான் எதைப் பாத்துச் சொல்றது?”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. முதல்வர் சமாளித்து, அவரைத் தேநீர் குடிக்கத் தன் அறைக்கு அழைத்துப் போனார். இவள் தலைதெறிக்கக் கேன்டீனுக்கு ஓடிவந்தாள்.

“என்னங்க, வாழைப்பழம் எவ்வளவு இருக்கு?”

“ரெண்டு தார் இருக்கு. யாருக்கு?”

“எல்லாருக்கும். சீக்கிரம் எடுங்க. குப்பை வேணும்.”

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரித்துச் சிரித்துப் புரையேறுகிறது. பேராசிரியர்கள் வரிசையில் நின்று பழம் விழுங்கினார்கள். இயற்பியல்காரர் நாலு தின்றுவிட்டு, எல்லாம் கல்லூரிக்காகத்தான் என்றார். கணிதத் துறையில் ஆளாளுக்குக் காகிதம் கிழித்தார்கள். நூலகர் நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பையே கழற்றப் போனார், நான்தான் தடுத்தேன்.

தணிக்கையாளர் திரும்பி வந்து பச்சைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். “ஒரே வாழைப்பழத் தோலா இருக்கே?”

என் மனைவிக்குப் பொய் வராது. “நீங்க கேட்டீங்கன்னு இப்பதான் சார் எல்லாரும் தின்னாங்க.”

முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

தணிக்கையாளர் தன் பையைத் துழாவி, தீர்ந்துபோன பேட்டரி ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே அந்தப் பச்சைத் தொட்டிக்குள் போட்டார்.

“ஐயோ சார், சிவப்பு” என்று வராந்தாவே ஒரே குரலில் அலறியது. பேராசிரியர்கள், மாணவர்கள், பெருக்குகிறவர், நான், எல்லாரும்தான். முதல்வர் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தோல்களுக்குள் கையை முழங்கைவரை விட்டு, பேட்டரியை எடுத்துச் சிவப்பில் போட்ட பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

தணிக்கையாளர் சிரித்துவிட்டார். “இதைத்தான் பாக்கணும்னு வந்தேன். சான்று உண்டு. இந்த அம்மாவை விட்டுறாதீங்க சார்.”

ஒரே கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை, கண்ணும் கலங்கிவிட்டது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“பழம் மிச்சம் இருக்கா?”

“ஒண்ணே ஒண்ணு இருக்கு.”

“குடுங்க. காலையிலேர்ந்து நான் எதுவுமே சாப்பிடல.”