ஒசாக்காப் படகில் தயாபரன்

2019 பெப்ரவரி பதினொன்று, காலை ஏழு பத்து. தொலைபேசியில் மருத்துவமனைத் தாதி என் பெயரை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்தினாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சூரிச்சின் ஓர்லிகோனிலிருந்து வேலைக்குப் போகும் ட்ராமில், இருந்த இருக்கையிலேயே என் கணவர் தயாபரனின் இதயம் நின்றுபோயிருந்தது. வயது ஐம்பத்தொன்று.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவருடைய அண்ணன் இரவீந்திரன் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தந்தார். பிறந்த ஊர், 1994இல் சுவிஸ், இருபது வருடம் ஒரே உணவகத்தின் சமையலறை. எல்லாம் சரிதான். படகு மட்டும் அதில் இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

சூரிச்சில் இத்தனை காலம் இருந்தும் அவர் ஏரிக் கப்பலில் ஏறியதில்லை. மகள் கிருசிகாவின் பள்ளிச் சுற்றுலாவில் மற்றப் பெற்றோர் எல்லாரும் ஏறினார்கள். இவர் ரயிலில் போய் அடுத்த இறங்குதுறையில் காத்து நின்றார். "எனக்குத் தலை சுத்தும்" என்பார். நாங்களும் நம்பினோம்.

கிருசிகா வேலைக்குச் சேர்ந்து சேர்த்த காசில், 2018 ஏப்ரலில், எங்களை ஜப்பானுக்குக் கூட்டிப்போனாள். ஒசாக்காவில் ஆற்றுப் படகுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தாள். துறையில் அவர் நின்றுவிட்டார்.

"எவ்வளவு ஆழம்?"

"இது ஆறப்பா. ரெண்டு பக்கமும் கட்டடம். விழுந்தா ஆரும் ஜன்னலால கையை நீட்டித் தூக்குவினம்."

"நீங்கள் போங்கோ. நான் இதிலை நிண்டு படம் எடுக்கிறன்."

"எங்கடை முதுகையோ எடுக்கப்போறியள்? வாங்கோப்பா. உங்களுக்காகத்தானே புக் பண்ணினனான்."

அந்தக் கடைசி வார்த்தைக்காக ஏறினார்.

கூரையில்லாத தட்டைப் படகு. முப்பது பேர் வரை இருந்தோம். கரையில் செர்ரிப் பூ, அலுவலகங்கள், பாலத்தின் மேலிருந்து கையசைக்கும் ஆட்கள். அவர் எதையும் பார்க்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தபடி இயந்திரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பாலம் மிகத் தாழ்வாக வந்தது. வழிகாட்டிப் பெண் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினாள். ஓட்டி இயந்திரத்தைத் தணித்தார். நிழல் எங்கள்மேல் விழ, எல்லாரும் சிரித்துக்கொண்டு குனிந்தார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த ஏழு வயதுச் சிறுமி மட்டும் பாலத்தின் அடியைத் தொட்டுப்பார்க்க எழுந்தாள்.

அவர் என் கையை உதறிவிட்டுப் பாய்ந்தார். சிறுமியின் தலையை அழுத்தித் தரையில் போட்டு, அவள்மேல் கவிழ்ந்து படுத்தார். "கிடவுங்கோ! ஒருத்தரும் எழும்பாதேங்கோ!"

பாலம் பின்னால் போய் வெயில் வந்தது. அவர் எழவில்லை. தாய் அலறியபடி அவர் முதுகில் அடித்தாள். நானும் மகளும் இழுத்தோம். உடம்பு மரம்போல் இறுகியிருந்தது. எனக்குத் தண்ணீரில் பயமில்லை. அவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவரின் குரல் அல்ல அது.

சிறுமியின் உதட்டில் இரத்தம். புதிதாக முளைத்த முன்பல்லின் நுனி உடைந்திருந்தது.

படகு கரை சேர்ந்ததும் சீருடை போட்ட ஒருவர் எங்களை நோக்கி வந்தார். இவர் இரண்டு கைகளையும் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றார். வந்தவர் டிக்கெட் பார்ப்பவர். "கையை இறக்குங்கோப்பா, பிளீஸ்" என்று கிருசிகா அழுதாள். பிறகு அவளே சிறுமியின் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டு, முகவரி வாங்கிக்கொண்டாள்.

பின்னேரம் ஹோட்டல் அறையில் அவர் எனக்கு மட்டும் சொன்னார். 1993இல், சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறக் கிளாலிக் கடலைத் தங்கை தயாநிதியோடு இரவில் படகில் கடந்திருக்கிறார். இலங்கை நேவியின் வெளிச்சத்தைக் கண்டதும் ஓட்டி இயந்திரத்தை நிறுத்தி, குனியச் சொல்லிக் கையால் காட்டியிருக்கிறார். இவர் தங்கையின் தலையை அழுத்திப் பிடித்திருந்தார்.

"மூச்சு முட்டுது அண்ணா எண்டாள். கையை எடுத்திட்டன், மனோ. அவள் எழும்பிப் பாத்தவள்."

தங்கை ஷெல் விழுந்து வீட்டில் இறந்தாள் என்றுதான் அதுவரை எனக்குச் சொல்லியிருந்தார்.

சூரிச்சுக்குத் திரும்பியபின் கடிதப் பெட்டியைத் திறக்கவே அஞ்சினார். "பாஸ்போட்டைப் பறிப்பாங்களோ?"

"ஒரு பல்லுக்கோ அப்பா?"

"அந்தப் பிள்ளை இனித் தண்ணியைக் கண்டாப் பயப்பிடுமோ?"



ஜூனில், பல்லின் செலவுக்காக மகள் அறிவித்திருந்த எங்கள் காப்புறுதிக் கம்பனியின் படிவம் வந்தது. சம்பவம் எப்படி, ஏன் நடந்தது என்று எழுதவேண்டும்.

"தடுக்கி விழுந்தன் எண்டு எழுதுங்கோப்பா. அவங்களுக்கு அது காணும்."

"நான் விழேல்லைப் பிள்ளை."

பல் வைத்தியச் செலவைக் கிருசிகா தானே அனுப்பிவிட்டாள். ஆனாலும் படிவத்தை எறிய அவர் விடவில்லை. மொழிபெயர்ப்பித்தாவது அந்தச் சிறுமியின் தாய் இதைப் படிக்கவேண்டும் என்றார். சனிக்கிழமைகளில் அதை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு இருப்பார். தேநீர் ஆறிப்போகும். பிறகு பேனாவை மூடுவார்.

படிவம் இப்போது என்னிடம் இருக்கிறது. பெயர், முகவரி, திகதி, இடம் எல்லாம் அவர் கையெழுத்தில் நிரம்பியிருக்கின்றன. நடந்ததை எழுதுவதற்கு ஆறு கோடுகள். முதல் கோட்டில் ஜெர்மனில் 'என் தங்கை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். மற்ற ஐந்தும் வெறுமை.