ஆட்டக் கூடாத பாட்டில்

செய்முறைக் கல்வி என்ற பெயரில் எங்கள் பள்ளி என் உயிரை வாங்கிய வருடம் அது. டெல்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வாரம் ஒரு செய்முறை, அதற்கு ஒரு போட்டோ, அதைப் போர்ட்டலில் ஏற்றாவிட்டால் பிரின்ஸிபாலிடமிருந்து போன். நவம்பரில் சூரிய அடுப்பு செய்யச் சொன்னார்கள். டெல்லி நவம்பரில் சூரியனை யார் பார்த்தது? அட்டைப்பெட்டிக்குள் வைத்த நூடுல்ஸ் மத்தியானம் வரை ஊறிக் கிடந்தது. ஊரையே மூடியிருந்த புகையில் நின்று பிள்ளைகள் இருமியதுதான் மிச்சம். அதற்கும் போட்டோ ஏற்றினோம்.

அடுத்தது மண். அவரவர் வீட்டுப் பக்கத்து மண்ணை ஒரு பாட்டிலில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, பிறகு ஆட்டாமல் அசைக்காமல் ஒரு நாள் வைக்க வேண்டும். அடியில் கல், அதன் மேல் மணல், அதன் மேல் களிமண் என்று அடுக்கடுக்காகத் தங்கும். இதைவிடச் சுலபமான செய்முறை கிடையாது என்று நானும் நம்பினேன்.

என் புத்தியைச் சொல்ல வேண்டும். நான் குடியிருக்கும் கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்து அடுக்குமாடி கட்டிய பிறகு சிமெண்ட் தவிர வேறெதுவும் காலில் படுவதில்லை. பூங்காவில் கரண்டியோடு குனிந்த என்னையே காவலாளி, "மேடம்ஜி, மிட்டி மத் நிகாலியே", மண்ணை எடுக்காதீர்கள் என்று விரட்டினான். அப்புறம் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னதான் செய்வார்கள்? பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் ஆப்பில் மண் ஆர்டர் செய்துவிட்டார்கள்.

மறுநாள் வகுப்பில் பார்த்தால், பாட்டில் பாட்டிலாகப் பழுப்புத் தூள் மேலே மிதக்கிறது. அடியில் வெறும் தண்ணீர். தொட்டிச் செடிக்குப் போடும் தென்னை நார்த் தூள் அது. பாக்கெட்டையும் கொண்டுவந்திருந்த ஒருத்தன் பின்பக்கத்தை வாசித்துக் காட்டினான். பொள்ளாச்சியில் செய்ததாம். "மேம், அப்போ பூமியோட டாப் லேயர் இதுதானே?" என்று வேறு கேட்டான்.

பீரியட் முடியப்போகும் நேரத்தில் அந்த வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். ஜங்புராவில் சாக்கடை ஓரமாக இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் அவள் வீடு இருந்தது. கேம்பை இடித்த பிறகு நரேலாவில், ஊருக்கு அந்தக் கோடியில், ஒரு குடியிருப்பு கிடைத்தது. இந்தப் பக்கம் துப்புரவு வேலைக்கு வரும் அவள் அப்பாதான் விடிவதற்குள் அவளையும் கிளப்பி, இரண்டு பஸ் மாறிக் கூட்டிவருவார். அப்படியும் தினம் லேட். இந்தப் பள்ளியை விட்டுப் போகமாட்டேன் என்று அவள் அழுது அடம்பிடித்ததால், வருடம் முடியும் வரை பார்ப்போம் என்று அவர் சொல்லியிருந்தார். பிரின்ஸிபாலோ, லேட்டாக வந்தால் ஆப்சென்ட் போடச் சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நாள் அந்த பஸ்ஸில் வந்து பார்த்தால் தெரியும் அந்த அம்மாளுக்கு.

அவளுடைய ஜாம் பாட்டிலில் ஒரே சேறு. எல்லார் மேலும் இருந்த எரிச்சலை அவளிடம் காட்டினேன். "ஏண்டி, ஆட்டாம வைன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் ஆட்டல மேம். வீட்டுல லேயர் லேயரா இருந்துச்சு. பஸ்ஸுதான் ஆட்டிருச்சு."

"எந்த மண்ணு இது?"

"கேம்ப் மண்ணு மேம். வீட்டுப் பக்கத்து மண்ணுன்னுதானே சொன்னீங்க? இடிச்ச இடத்துல போய் அப்பா எடுத்துட்டு வந்தாரு."

பாட்டிலை வாங்கி லேப் ஜன்னலில் வைத்து, யாராவது தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். சனி, ஞாயிறு போய்த் திங்களன்று பார்த்தால் பாடப்புத்தகப் படமே தோற்றது. அடியில் செங்கல் துண்டுகள், அதன் மேல் மணல், அதன் மேல் கறுப்புக் களிமண், உச்சியில் தெளிந்த தண்ணீர். செங்கலுக்கு நடுவே, கண்ணாடியை ஒட்டினாற்போல், நீலப் பெயிண்ட் அடித்த சுவர்ச் சில்லு ஒன்று தெரிந்தது. பிரின்ஸிபால் ஓடிவந்து போட்டோ எடுத்தார். தம் வீட்டருகே உள்ள மண்ணை ஆராயும் நம் மாணவர்கள் என்று எழுதி ஏற்றினார். பக்கத்தில் நிற்க ஒரு பிள்ளை வேண்டுமென்றார். பொள்ளாச்சி பாக்கெட்காரன் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் அன்றைக்கு வரவில்லை.

அந்த வாரம் முழுக்கவே வரவில்லை. வெள்ளிக்கிழமை அவள் அப்பா வந்தார், டிசி வாங்க. வருடம் முடியும் வரை என்று சொன்னீர்களே என்று சண்டைக்கே போனேன்.

"இங்க வந்து போறதுக்கே சம்பளம் சரியாப் போவுது டீச்சர். அங்கயே ஒரு வேலை பாத்துக்கிட்டேன். பொட்டப்புள்ளைய தனியா ரெண்டு பஸ்ஸுல எப்படி அனுப்பறது?"

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பாவம், டிசியில் சீல் வைத்துக்கொண்டிருந்த கிளார்க்கிடம் எரிந்து விழுந்தேன்.

கிளம்பியவர் தயங்கி நின்றார். "பாப்பா அந்த பாட்டில வாங்கியாரச் சொல்லிச்சு. ஆட்டாம கொண்டாரணுமாம்."

எடுத்துக் கொடுத்தேன். முதல் பஸ்ஸிலேயே அது சேறாகிவிடும் என்று எனக்குத் தெரியும். தினம் அதே பஸ்ஸில் வந்தவருக்குத் தெரியாதா? பை ஒன்று தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்றார். டிசியை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பாட்டிலை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தபடி வராந்தாவில் அடிமேல் அடி வைத்து நடந்தார். மணி அடித்துவிட்டது. எதிரே பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடிவந்தார்கள். "ஓரமாப் போங்கடா, அவர் மேல இடிச்சுடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, அவருக்கு முன்னால் கேட் வரைக்கும் நடந்தேன்.